ஸ்கோப் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் கம்ப்யூட்டரைப் பாருங்கள்!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஆறு மாதம் ஆகிறது. டைப் அடித்தாயிற்று, படம் பார்த்தாயிற்று, இன்டர்நெட்டிலும் வேண்டிய மட்டும் சுற்றியாயிற்று. பிள்ளை இப்போது ஆர்டுயினோ போர்டு ஒன்றை யுஎஸ்பி கேபிளில் மாட்டி எல்இடி எரிய விடுகிறான். அடுத்து ரோபோ செய்யப் போவதாகச் சொல்கிறான். கூடவே "ஒரு ஆஸிலோஸ்கோப் வேணும்ப்பா" என்று குண்டைத் தூக்கிப் போடுகிறான். விலை விசாரித்த அப்பா என்னிடம் வந்து, "ஏனுங்க, கம்ப்யூட்டரே கடன்ல வாங்கினது. இது அவசியந்தானுங்களா?" என்று கேட்கிறார்.

ராசிபுரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளுக்குக் கை கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது வந்துவிடுகிறது. என் பதில் இதுதான். ஸ்கோப் அவசியம். ஆனால் முதல் ஸ்கோப்புக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் செலவழிக்க வேண்டியதில்லை. அதில் பாதி வேலையைச் செய்யக்கூடிய கருவி ஏற்கெனவே உங்கள் மேஜை மேல் இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

மல்டிமீட்டர் போதாதா?

மல்டிமீட்டர் ஓர் எண்ணைக் காட்டும். ஸ்கோப் ஒரு படத்தைக் காட்டும். வோல்டேஜ் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்கான கிராப் அது. 1897ல் ஜெர்மானிய விஞ்ஞானி பெர்டினாண்ட் ப்ரவுன் செய்த கேத்தோடு ரே டியூப்தான் இதற்கு மூலம். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய குண்டு மானிட்டருக்கும் அதுவே பாட்டன். கல்லூரி லேபில் பச்சைக் கோடு ஓடும் சிஆர்ஓ அந்த வம்சம்தான். இப்போது வருபவை சிக்னலை எண்களாக மாற்றி எல்சிடி திரையில் வரையும் டிஜிட்டல் ஸ்கோப்புகள்.

இந்தப் படத்தால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? மாணவர்களின் ரோபோவில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு ஒன்றைச் சொல்கிறேன். கோட்டைத் தொடர்ந்து ஓடும் ரோபோ. மேஜை மேல் தூக்கிப் பிடித்தால் சக்கரம் அழகாகச் சுற்றும். தரையில் விட்டால் இரண்டு அடி ஓடி, நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மல்டிமீட்டரை வைத்தால் 5 வோல்ட் சரியாகக் காட்டும். எனவே புரோகிராமில்தான் தப்பு என்று விடிய விடிய கோடை மாற்றி எழுதுவார்கள்.

நடப்பது இதுதான். மோட்டார் கிளம்பும்போதும் திசை மாறும்போதும் பேட்டரியிலிருந்து அதிக கரன்ட் இழுக்கிறது. அந்தச் சில மில்லி விநாடிகளுக்கு 5 வோல்ட் சப்ளை சரிந்துவிடுகிறது. ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் சிப், சப்ளை சுமார் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாகவே ரீசெட் ஆகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. விநாடிக்கு இரண்டு, மூன்று முறை மட்டுமே எண்ணை மாற்றும் மல்டிமீட்டருக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது. ஸ்கோப்பில் "சிங்கிள் ட்ரிகர்" வைத்துவிட்டு ரோபோவை ஓட விட்டால், பள்ளம் அப்படியே படமாக நிற்கும். அதன் பிறகு மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து கிரவுண்டை மட்டும் இணைப்பதா, பெரிய கெபாசிட்டர் ஒன்று போடுவதா என்று முடிவெடுக்க ஐந்து நிமிடம் போதும்.

விலைக்கு வாங்கும் ப்ராஜெக்ட்

கருப்பூரில் 1966ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி முதல், திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம் சாலைகளில் வரிசையாக நிற்கும் சுயநிதிக் கல்லூரிகள் வரை, நம் வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கல்லூரிதான். லேபில் ஸ்கோப் இருக்கும். ஆனால் ஒரு ஸ்கோப்புக்கு நான்கைந்து பேர், வாரத்துக்கு ஒரு லேப் வகுப்பு, ரெக்கார்டு நோட்டில் வரைய ஒரு சைன் வேவ். அதோடு சரி. தான் செய்த சர்க்யூட்டைத் தானே தொட்டுப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

விளைவு என்ன? இறுதியாண்டில் சொந்தமாக ஆரம்பித்த ப்ராஜெக்ட் நடுவில் நின்றுவிடுகிறது. எங்கே நின்றது என்று பார்க்கக் கருவி இல்லை. தேதி நெருங்கும்போது ப்ராஜெக்ட் சென்டருக்குப் போய், வேலை செய்யும் ப்ராஜெக்ட் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கி வருகிறார்கள். தறி ஓட்டியும், லாரிக்குப் போயும், கோழிப் பண்ணையில் வேலை பார்த்தும் அப்பா சம்பாதித்த பணம் அது. மதிப்பெண் வந்துவிடும். இன்டர்வியூவில் "இந்த சிக்னல் எப்படி இருக்கும், வரைந்து காட்டு" என்று கேட்டால் வாய் அடைத்துப் போகும்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முதல் வருடமே ஒரு சிறிய ஸ்கோப்புக்குச் செலவிட்டால், நான்கு வருடமும் அது பேசும். பெற்றோர்களுக்கு நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான்.

எவ்வளவு வேகம் தேவை?

ஸ்கோப் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது மெகா ஹெர்ட்ஸ் கணக்கு. நம் தேவை என்ன என்று தெரிந்தால் அந்த எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

ஆர்டுயினோ ஊனோவின் பிடபிள்யூஎம் சிக்னல் பெரும்பாலான பின்களில் 490 ஹெர்ட்ஸ், 5, 6 ஆகிய பின்களில் 980 ஹெர்ட்ஸ். சர்வோ மோட்டாருக்கு 20 மில்லி விநாடிக்கு ஒரு பல்ஸ், அதன் அகலம் 1 முதல் 2 மில்லி விநாடி. தூரம் அளக்கும் அல்ட்ராசானிக் சென்சார் 40 கிலோ ஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. 9600 வேகத்தில் போகும் சீரியல் டேட்டாவில் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோ விநாடி. ஐ2சி பஸ் 100 அல்லது 400 கிலோ ஹெர்ட்ஸ். ஊனோ போர்டின் கிரிஸ்டல் 16 மெகா ஹெர்ட்ஸ்.

பட்டியலைப் பாருங்கள். கடைசி இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் மிக மெதுவானவை. மாணவர் ரோபோவில் தினமும் தொல்லை கொடுப்பதும் இந்த மெதுவான சிக்னல்கள்தான்.

இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். முதலாவது பேண்ட்வித். 20 மெகா ஹெர்ட்ஸ் ஸ்கோப் என்றால், 20 மெகா ஹெர்ட்ஸ் சிக்னலை அது ஏறத்தாழ 70 சதவீத உயரத்துக்குக் குறைத்துக் காட்டும் என்று பொருள். சதுர அலையின் உருவம் கெடாமல் தெரிய வேண்டும் என்றால் சிக்னலைப் போல ஐந்து மடங்கு பேண்ட்வித் வேண்டும். இரண்டாவது சாம்பிளிங் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது. ஓர் அலைக்குப் பத்து சாம்பிளாவது கிடைத்தால் படம் நம்பும்படி இருக்கும்.

முதல் படி: சவுண்ட் கார்டு

உங்கள் கம்ப்யூட்டரின் லைன்-இன் ஜாக் ஓர் அளவுக்கருவிதான். விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஜெய்ட்னிட்ஸ் எழுதிய சவுண்ட்கார்டு ஸ்கோப் என்ற சாப்ட்வேரை சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். ஆடாசிட்டி என்ற இலவச ஆடியோ சாப்ட்வேரிலும் அலையைப் பதிவு செய்து பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆம்ப்ளிபயர், ரிமோட் கன்ட்ரோல் சிக்னல், பிடபிள்யூஎம் போன்றவற்றைப் பார்த்துப் பழக இது நல்ல வழி.

குறைகளும் உண்டு. உள்ளே வரிசையில் ஒரு கெபாசிட்டர் இருப்பதால் டிசி வோல்டேஜ் தெரியாது. சதுர அலையின் தலை சாய்ந்து தெரியும். சுமார் 20 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. முக்கியமாக, லைன்-இன் தாங்குவது ஒரு வோல்ட் அளவுதான். 5 வோல்ட் சிக்னலை நேராகக் கொடுக்காதீர்கள். 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை வரிசையிலும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்கும் போட்டால் 5 வோல்ட் அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். இன்னொரு யோசனையும் சொல்கிறேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்றை வாங்கி, பரிசோதனைகளை அதில் மட்டும் செய்யுங்கள். தப்பு நேர்ந்தாலும் பெரும்பாலும் அதோடு போகும். லேப்டாப்பின் மதர்போர்டு போனால் யார் அழுவது?

இரண்டாம் படி: எக்ஸ்பைஸ்

நம் நாட்டிலேயே இதற்கு அருமையான கருவி ஒன்று இருக்கிறது. நம் ஊர் கடைக்காரர்கள் பலருக்கு அதன் பெயரே தெரிவதில்லை என்பது என் வருத்தம். புதுடில்லியில் உள்ள இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர், பீனிக்ஸ் என்ற திட்டத்தின் கீழ் விஞ்ஞானி பி.பி. அஜித் குமார் தலைமையில் உருவாக்கிய எக்ஸ்பைஸ் என்ற சின்னப் பெட்டிதான் அது. பள்ளி, கல்லூரி அறிவியல் சோதனைகளுக்காகச் செய்தது. 2017ல் வந்த எக்ஸ்பைஸ்-17 மாடலில் நான்கு உள்ளீடுகள். 12 பிட் துல்லியம். விநாடிக்கு 10 லட்சம் வரை சாம்பிள். இரண்டு உள்ளீடுகள் கூட்டல் கழித்தல் 16 வோல்ட் வரை தாங்கும். சைன் அலை, சதுர அலை கொடுக்கும் ஜெனரேட்டரும், நாம் சொல்லும் வோல்டேஜைத் தரும் வசதியும் உள்ளேயே இருக்கின்றன. யுஎஸ்பி போர்ட்டிலிருந்தே பவர் எடுத்துக்கொள்ளும். சாப்ட்வேர் இலவசம், பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. சர்க்யூட் டிசைனும் திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. நல்ல ஸ்மார்ட்போன் ஒன்றின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

மேலே சொன்ன பட்டியலில் பிடபிள்யூஎம், சர்வோ, அல்ட்ராசானிக், 9600 வேக சீரியல் எல்லாவற்றையும் இது பார்க்கும். 5 வோல்ட் பள்ளத்தையும் பிடிக்கும். ஸ்கோப்போடு பங்ஷன் ஜெனரேட்டரும் சேர்ந்து வருவதால் ஆர்சி சர்க்யூட், டிரான்சிஸ்டர் என்று பாடப் புத்தகம் முழுவதையும் வீட்டில் செய்து பார்க்கலாம். முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவருக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான்.

மற்றவை எப்படி?

டிஎஸ்ஓ 138: ஜேஒய்இ டெக் நிறுவனத்தின் சிறிய கிட் இது. 2.4 அங்குலத் திரை, ஒரே சேனல், 200 கிலோ ஹெர்ட்ஸ் பேண்ட்வித், விநாடிக்கு 10 லட்சம் சாம்பிள். கம்ப்யூட்டர் தேவையில்லை, 9 வோல்ட் கொடுத்தால் போதும். ஒன்றிரண்டு ஆயிரத்துக்குள் முடியும். சால்டரிங் பழகவும் நல்லது. இதற்குப் போலிகள் ஏராளம், பார்த்து வாங்குங்கள்.

ஹான்டெக் 6022பிஇ: இரண்டு சேனல் யுஎஸ்பி ஸ்கோப். 20 மெகா ஹெர்ட்ஸ் என்று அட்டையில் இருக்கும். ஆனால் சாம்பிளிங் ரேட் விநாடிக்கு 4.8 கோடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மெகா ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கு இரண்டரை சாம்பிள் கூட இல்லை. 5 மெகா ஹெர்ட்ஸ் வரை நம்பலாம் என்பது என் கணக்கு. ஐ2சி சிக்னலின் உருவம் பார்க்க இது போதும். ஓபன்ஹான்டெக் என்ற இலவச சாப்ட்வேர், உடன் வருவதை விட நன்றாக இருக்கிறது.

லாஜிக் அனலைசர்: ஸ்கோப் வாங்குகிறவர்களுக்கு நான் இலவசமாகச் சொல்லும் யோசனை இது. 8 சேனல், 24 மெகா ஹெர்ட்ஸ் என்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். பல்ஸ்வியூ என்ற இலவச சாப்ட்வேரோடு சேர்த்தால் ஐ2சி, சீரியல் டேட்டாவை எழுத்தாகவே படித்துக் காட்டும். வோல்டேஜ் அளவு தெரியாது, 0, 1 மட்டும்தான். எக்ஸ்பைஸும் இதுவும் சேர்ந்தால் ரோபோ மாணவருக்கு வேறு என்ன வேண்டும்?

மேஜை ஸ்கோப்: ரிகோல் டிஎஸ்1054இசட் பல வருடங்களாக ஹாபிக்காரர்களின் செல்லப் பிள்ளை. 50 மெகா ஹெர்ட்ஸ், நான்கு சேனல், விநாடிக்கு 100 கோடி சாம்பிள். ஆனால் நான்கு சேனலையும் போட்டால் அது பங்கு பிரிந்து சேனலுக்கு 25 கோடி ஆகிவிடும். 2023ல் வந்த இதே நிறுவனத்தின் டிஎச்ஓ 800 வரிசை 12 பிட். அருமையான கருவிகள்தான். தொழிலாகச் செய்கிறவருக்கும் சர்வீஸ் கடைக்கும் சரி. முதல் வருட மாணவருக்கு இது மொபெட் பழகுமுன் லாரி வாங்குவது போல.

பழைய சிஆர்ஓ: அப்லாப், சயன்டிபிக் போன்ற இந்திய நிறுவனங்களின் 20, 30 மெகா ஹெர்ட்ஸ் சிஆர்ஓக்கள் பழைய விலைக்கு வரும். திரும்பத் திரும்ப வரும் அலைக்கு இன்றும் நன்றாகவே உழைக்கும. ஒரே ஒருமுறை வரும் பள்ளத்தைப் பிடித்து வைக்காது. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் இருப்பதால் ரிப்பேர் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எர்த் விஷயத்தில் விளையாடாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். ஸ்கோப்பின் முதலை கிளிப் இருக்கிறதே, அது மேஜை ஸ்கோப்பில் வீட்டு எர்த்தோடு இணைந்திருக்கும். யுஎஸ்பி ஸ்கோப்பிலும் எக்ஸ்பைஸிலும் அது உங்கள் கம்ப்யூட்டரின் கிரவுண்டோடு இணைந்திருக்கும். அந்தக் கிளிப்பை மெயின்ஸ் பக்கத்தில், எஸ்எம்பிஎஸ்ஸின் முதல் பாதியில் எங்காவது மாட்டினால் ஷார்ட் ஆகி ஸ்கோப்பும் போகும், கம்ப்யூட்டரும் போகும், ஆளுக்கும் ஆபத்து. 230 வோல்ட் என்கிறோமே, அதன் உச்சி 325 வோல்ட்.

எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோக உடலே ஷாக் அடிக்கும். முடிந்தவரை லேப்டாப்பை பேட்டரியில் ஓட விட்டு, பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டுகளை மட்டும் பாருங்கள். இன்வர்ட்டர் அலையைப் பார்க்க ஆசையா? நடுவில் 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்து அதன் செகண்டரியில் பாருங்கள். பிள்ளை முதல்முறை செய்யும்போது விவரம் தெரிந்தவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

நம் ஊருக்கு இது எதற்கு?

ரோபோ போட்டி முடிந்ததும் இந்தக் கருவி பரணுக்குப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். நாமக்கல் பக்கத்து ஹேச்சரிகளில் முட்டை பொரிக்க 21 நாள் ஆகும். அதுவரை இன்குபேட்டர் வெப்பநிலை 37.5 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். மாணவர்கள் மிகவும் விரும்பிச் செய்யும் ப்ராஜெக்ட்டுகளில் இந்த டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் ஒன்று. ஆனால் ஹீட்டரின் கான்டாக்டர் விடுபடும்போது எழும் ஸ்பைக், போர்டை ரீசெட் செய்துவிடலாம், தொங்கவும் விடலாம். செயல்விளக்க மேஜையில் அது சிரிப்பு. நிஜ ஹேச்சரியில் இரவு முழுக்கத் தொங்கினால் ஒரு தட்டு முட்டையும் வீண். போர்டின் 5 வோல்ட் பக்கத்தில் அந்த ஸ்பைக்கை ஸ்கோப்பில் பார்த்து, ஸ்னபர் போட்டு, மறைந்ததா என்று மறுபடி பார்த்தவன் செய்யும் கன்ட்ரோலரைத்தான் பண்ணைக்காரர் நம்பி வாங்க முடியும்.

லாரியும் அப்படித்தான். 24 வோல்ட் சிஸ்டத்தில் ஆல்டர்நேட்டரின் ஒரு டயோடு போனால் மீட்டரில் சட்டென்று தெரியாது, ஸ்கோப்பில் அலையின் மேடு பள்ளத்தில் தெரிந்துவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு லாரி இன்ஜினில் சென்சார்களின் ராஜ்யம். அலையைப் படிக்கத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு நாமக்கல்லில் வேலைக்குப் பஞ்சம் வராது. ஆனால் 24 வோல்ட்டை எக்ஸ்பைஸில் நேராகக் கொடுக்க முடியாது. பத்துக்கு ஒன்று குறைக்கும் ப்ரோப் அல்லது ரெசிஸ்டர் டிவைடர் கட்டாயம்.

வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவுக்கு நேரில் போகலாம், ஆன்லைனிலும் வாங்கலாம். எங்கே வாங்கினாலும் சிலவற்றைக் கேளுங்கள். சொல்லும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா? ப்ரோப் கூட வருகிறதா, அதில் 1எக்ஸ், 10எக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா? பில்லும் வாரன்டியும் உண்டா? சாப்ட்வேர் உங்கள் விண்டோஸ் அல்லது லினக்ஸ் பதிப்பில் ஓடுமா? யுஎஸ்பி கருவி என்றால் உங்கள் லேப்டாப்பையே கடைக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

தனியாக வாங்க முடியாவிட்டால் நான்கு நண்பர்கள் சேர்ந்து வாங்குங்கள். பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2016ல் தொடங்கிய அடல் இன்னொவேஷன் மிஷன் மூலம், தேர்வான பள்ளிகளுக்கு டிங்கரிங் லேப் அமைக்க ரூ.20 லட்சம் வரை உதவி கிடைத்திருக்கிறது. அந்த லேப் உள்ள பள்ளிகள் சனிக்கிழமைகளில் பக்கத்து ஊர் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டால் என்ன? பூட்டிய அறையில் கிடக்கும் ஸ்கோப்பால் யாருக்கும் லாபமில்லை. கல்லூரிகளும் மாலை ஆறு மணி வரையாவது லேபைத் திறந்து வைக்கலாம்.

முடிவாக என் சிபாரிசு. இந்த மாதம் சவுண்ட் கார்டில் ஆரம்பியுங்கள், செலவு இல்லை. ஆர்வம் நிலைத்தால் எக்ஸ்பைஸும் ஒரு லாஜிக் அனலைசரும் வாங்குங்கள். அதன் எல்லையைப் பிள்ளை தாண்டி, "இந்த இடத்தில், இந்த சிக்னலுக்கு இது போதவில்லை" என்று காரணத்தோடு கேட்கும் நாளில் மேஜை ஸ்கோப்புக்குப் பணம் எடுங்கள். அப்போது அது வீண் செலவாகாது.